இயற்கை மருந்துதானே, சாப்பிட்டால் என்ன? – மனச்சோர்வு, பதற்றம், சப்ளிமெண்ட்

கேள்வி (வேளச்சேரி வாசகி):
அக்கா, என் தம்பிக்கு 24 வயது. ஓஎம்ஆரில் வேலை. ஆறேழு மாதமாக ராத்திரி தூக்கம் இல்லை, யாரிடமும் பேச்சு இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடப் போவதையும் விட்டுவிட்டான். டாக்டரிடம் போகலாம் என்றால் "இங்கிலீஷ் மருந்து ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது" என்கிறான். ஆன்லைனில் அஸ்வகந்தா, மக்னீசியம், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் வாங்கிச் சாப்பிடுகிறான். இயற்கையானதுதானே, கெடுதல் இல்லைதானே? நிஜமாகவே பலன் உண்டா?

2025 ஜூலை 6, ஞாயிறு இரவு

சிலவற்றுக்குக் கொஞ்சம் பலன் உண்டும்மா. "கெடுதல் இல்லைதானே" என்பதற்குத்தான் என்னால் ஆமாம் போட முடியாது. மனதை மாற்றுகிற வலு ஒரு வேருக்கு இருந்தால், அதே வலு கல்லீரலையும் தைராய்டையும் கூடச் சாப்பிடுகிற மாத்திரையையும் தொடத்தான் செய்யும். எதையுமே தொடாத பொருள் என்றால் அது தம்பியின் மனதையும் தொடப் போவதில்லை.

அஸ்வகந்தா என்பது நம் அமுக்கிராக் கிழங்குதான். 2012ல் ஹைதராபாத்தில் 64 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு அதன் வேரிலிருந்து எடுத்த சத்து ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, 60 நாள். வேர் சாப்பிட்டவர்களுக்கு மன இறுக்கம் குறைந்தது, ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற மன இறுக்க ஹார்மோனும் இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் வேலை, குடும்பம் என்று இறுக்கத்தில் இருந்தவர்கள். உங்கள் தம்பி மாதிரி சாப்பாடும் விளையாட்டும் விட்டுப்போய் மாதக்கணக்காக முடங்கிக் கிடப்பவர்கள் அல்ல. அந்த முடிவை அப்படியே எடுத்து இவனுக்குப் போட முடியாது.

இன்னொரு பக்கம். அஸ்வகந்தா சாப்பிட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்ததாக ஐஸ்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 5 பேரின் விவரத்தை 2020ல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. டென்மார்க் 2023ல் அதைத் தடையே செய்துவிட்டது. தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும் குணமும் அதற்கு உண்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது.

தம்பி எத்தனை டப்பா வைத்திருக்கிறான், ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 7, திங்கள் காலை

சப்ளிமெண்ட் சாப்பிடலாமா வேண்டாமா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை. இவ்வளவுதான். தெருமுனை லேபிலேயே எடுத்துவிடலாம்.

ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் அம்மா. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டு வந்தார். சுத்த சைவம். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றிலும் பிடிப்பு விட்டுப்போனது. வாசலில் கோலம் போடுவதை நிறுத்தினார், சீரியல் பார்ப்பதை நிறுத்தினார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார். "வயசாகுது, விடுடி" என்பார். உள்ளங்கால் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டோம். கடைசியில் ஒரு டாக்டரம்மா பி12 பார்க்கச் சொன்னார். தரைமட்டத்தில் இருந்தது. மெட்ஃபார்மின் நாள்பட்டால் பி12ஐக் குறைக்கும். பால், தயிர் தவிர சைவச் சாப்பாட்டில் அது அநேகமாகக் கிடையாது. ஊசி போட ஆரம்பித்து சில வாரத்தில் அம்மா பழையபடி எங்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். வீடே நிம்மதியானது.

ஆக, சப்ளிமெண்ட் மனச்சோர்வைச் சரிசெய்யுமா என்று கேட்டால், எங்கள் அம்மாவுக்குச் செய்தது. குறை இருந்தது, அந்தக் குறையை நிரப்பினோம், சரியானது. குறையே இல்லாதவர் அதே பி12ஐ விழுங்கினால் அந்தப் பலன் வராது.

தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் இதே முகம்தான்: அசதி, தூக்கம் தூக்கமாக வருவது, எதிலும் மனசு ஒட்டாதது. ரத்தசோகையும் அப்படியே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தம்பிக்காகக் கேட்டீர்கள், நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 7, இரவு

காலையில் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்ட் எடுப்பதற்கு முன்னால் டாக்டரிடமோ லேபிலோ சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு டெஸ்ட்டின் எண்களையே மாற்றிக் காட்டிவிடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017லேயே எச்சரித்த விஷயம். "மல்டிவைட்டமின்", "முடி, நகம், தோல்" என்று எழுதியிருக்கும் டப்பாக்களில் பெரும்பாலும் இது இருக்கும்.

குரோம்பேட்டையிலிருந்து ஒருவர், சென்னை வெயிலில் யாருக்கு வைட்டமின் டி குறையப் போகிறது என்று கேட்கிறார். ஏசி அறையிலிருந்து கேபில் ஏறி இன்னொரு ஏசி அறைக்குப் போகிறவர்களுக்குக் குறையத்தான் செய்கிறது. ஆனால் வைட்டமின் டி சாப்பிட்டால் மனச்சோர்வு வராது என்பதும் நிற்கவில்லை. அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 18,353 பேரில் பாதிப் பேருக்கு ஐந்து வருஷத்துக்கும் மேல் கொடுத்துப் பார்த்து 2020ல் முடிவு வந்தது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதே ஆட்களிடம் மீன் எண்ணெயையும் சோதித்தார்கள். 2021ல் வந்த முடிவில் அதுவும் தடுக்கவில்லை. எலும்புக்கு டி தேவை, குறைந்திருந்தால் சாப்பிடுங்கள். அது வேறு விஷயம்.

மீன் எண்ணெய் பற்றி முழுசாக மூடிவிடவும் மனமில்லை. அந்த ஆய்வு வராமல் தடுக்குமா என்று பார்த்தது. ஏற்கெனவே மனச்சோர்வு இருப்பவர்களுக்கு, இபிஏ என்ற கொழுப்பு அதிகமாக உள்ள எண்ணெய் ஓரளவு துணை செய்வதாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகள் சில சொல்கின்றன. டப்பாவின் முன்பக்கம் "1000 மி.கி." என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை. இபிஏ எவ்வளவு என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்.

ஜூலை 9, புதன்

அண்ணாநகர் நண்பர் ஒருவர் கேட்டது முக்கியமான கேள்வி. ஜெர்மனியில் இருக்கும் மச்சான் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாராம். அங்கே டாக்டர்களே எழுதிக்கொடுக்கிறார்களாம். "இதையாவது ஒத்துக்கொள்வீர்களா?" என்கிறார்.

ஒத்துக்கொள்கிறேன். மூலிகைகளில் மனச்சோர்வுக்கு மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டது அந்த மஞ்சள் பூச்செடிதான். 2008ல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு 29 சோதனைகளை, 5,489 பேரைச் சேர்த்துப் பார்த்தது. வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது, வழக்கமான மாத்திரைகளுக்கு ஈடாக நிற்கிறது, பக்கவிளைவும் குறைவு என்றது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்த சோதனைகளில் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் அதே தொகுப்பு சொல்லியது. 2002ல் அமெரிக்காவில் 340 பேரை வைத்து நடந்த சோதனையில் இது வெற்று மாத்திரையை ஜெயிக்கவில்லை. அதே சோதனையில் செர்ட்ராலின் என்ற இங்கிலீஷ் மாத்திரையும் முக்கிய அளவுகோலில் ஜெயிக்கவில்லை. இரண்டு தரப்பும் தனக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்துச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நோயாளிக்கு முழுக் கதையும் தெரிய வேண்டும்.

வேலை செய்வதால்தான் இது ஆபத்தும்கூட. கல்லீரலில் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் என்சைம்களை இது முடுக்கிவிடுகிறது. கூடச் சாப்பிடும் மருந்து ரத்தத்தில் நிற்காமல் சீக்கிரம் வெளியே போய்விடும். கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் குறைந்துவிடும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் குறைந்தால் உடம்பு அந்த உறுப்பையே ஏற்காமல் தள்ளிவிடும். எச்ஐவி மருந்து ஒன்றின் அளவு இதனால் சரிந்ததைக் கண்டுதான் 2000ல் எச்சரிக்கை விட்டார்கள். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறி ஏறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம்.

அண்ணாநகர் நண்பரே, நீங்கள் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. அந்தப் பட்டியலை டாக்டரிடம் காட்டும்வரை மச்சான் கொடுத்ததைப் பிரிக்க வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது ஒரு காலம் தாழ்ந்தும் ஒரு காலம் தலைகால் புரியாத உற்சாகமுமாக மாறி மாறி வருகிற இருமுனை நோய் உண்டா என்பதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களை இந்தச் செடி உற்சாகத்தின் உச்சிக்குத் தள்ளிவிட முடியும். இங்கிலீஷ் மாத்திரைக்கும் அதே எச்சரிக்கை உண்டு.

ஜூலை 10

"செடியிலிருந்து வருவது எல்லாம் மென்மையாகத்தான் இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சர்ப்பகந்தி நம் நாட்டுச் செடி. அதன் வேர் மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் உதவுகிறது என்று 1931ல் கல்கத்தாவின் இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். 1949ல் பம்பாயின் ருஸ்தம் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 1952ல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. கொதிப்பு இறங்கியது. கூடவே, அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மூளையின் வேதிப்பொருள்கள் குறைவதால்தான் மனச்சோர்வு என்ற கருத்தே பெருமளவு அங்கிருந்து கிளம்பியது. அந்தத் தொடர்பு நினைத்த அளவு வலுவானதில்லை என்று பின்னால் வந்த மறுபார்வைகள் சொல்கின்றன, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் மென்மை என்ற சொல் அந்த வேருக்கு எந்த நாளும் பொருந்தாது.

ஜூலை 12, சனிக்கிழமை

வேளச்சேரித் தங்கச்சி, தம்பியின் பயத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லையே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. "ஆரம்பித்தால் விட முடியாது." அதே பயத்தில் நானும் இருந்தேன்.

அப்போது எழும்பூரில் வேலை. பழவந்தாங்கலில் ரயில் ஏறுவேன். ஒருநாள் சைதாப்பேட்டை தாண்டியதும் மூச்சு அடைத்தது. காரணமே இல்லை. கூட்டமும் வழக்கமான கூட்டம்தான். கை விரல்கள் மரத்தன, நெஞ்சு அடித்துக்கொண்டது, அடுத்த நிமிஷம் செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. மாம்பலத்தில் இறங்கி நடைமேடையில் உட்கார்ந்துவிட்டேன். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார், கட்டிய சரத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தார். மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, இதயத்தில் ஒன்றும் இல்லை, கேஸ் என்று அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ரயிலைக் கண்டாலே பயம். பஸ்ஸுக்கு மாறினேன், அப்புறம் பஸ்ஸும் பயம்.

பக்கத்து மருந்துக் கடையில் "தூக்கத்துக்கு" என்று அல்பிரசோலம் கொடுத்தார்கள், சீட்டு எதுவும் கேட்காமல். அரை மணி நேரத்தில் சொர்க்கம். சில வாரம் கழித்து அது இல்லாமல் வாசல்படி தாண்ட முடியவில்லை. தம்பி பயப்படுகிறானே, விட முடியாத மாத்திரை என்று, அது இந்த வகைதான். பதற்றத்தை உடனே தணிக்கும், சில வாரத்திலேயே உடம்பு பழகிக் கேட்கும். சட்டப்படி அதைச் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது.

மனநல மருத்துவர் எனக்கு எழுதிக்கொடுத்த எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை வேறு குடும்பம். அது உடனே எதையும் செய்யவில்லை. முதல் இரண்டு வாரம் குமட்டல், படபடப்பு இன்னும் கூடியது போலத்தான் இருந்தது. அவர் அதை முன்கூட்டியே சொல்லி அனுப்பியதால் தாக்குப்பிடித்தேன். நாலைந்து வாரத்தில் ஒருநாள் ரயிலில் கிண்டி வந்துவிட்டது என்று கவனித்தேன். பயப்பட மறந்துபோயிருந்தேன். அந்த மாத்திரைக்கு ஏங்கவைக்கும் குணம் கிடையாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் தொட்டது போன்ற அதிர்வு எல்லாம் வரும். அதனால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். நான் அப்படித்தான் விட்டேன். எல்லோருக்கும் விட முடியும் என்று சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்ப வருகிறவர்கள் நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும். சர்க்கரைக்குச் சாப்பிடுவதைப் போல அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 24 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரைகள் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் மருந்தின் விவரக் குறிப்பிலேயே கட்டம் கட்டி அச்சிடப்படுகிறது. தம்பிக்கு மருந்து எழுதினால், முதல் மாதம் வீட்டில் ஒருவர் கவனமாகக் கூட இருங்கள். சிகிச்சையே இல்லாமல் விடுவது இதைவிடப் பெரிய ஆபத்து.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று எழுதியதில் ஒரு பகுதி விட்டுப்போனது. டாக்டரிடம் போவதற்கு முன்னால் நானும் அமுக்கிரா சாப்பிட்டேன். மாமியார் பாரிமுனைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கிழங்கு வாங்கி, பாலில் வேகவைத்து, காயவைத்து, இடித்துச் சலித்து வைப்பார். ராத்திரி ஒரு தம்ளர் பால், கால் ஸ்பூன் பொடி, பனங்கற்கண்டு. குதிரை லாயத்து வாடை லேசாக அடிக்கும். தூக்கம் கொஞ்சம் வந்தது. ரயில் பயம் போகவில்லை.

அது பொடியின் வேலையா? இப்போதும் யோசிக்கிறேன். பத்து மணிக்கு மாமியார் தம்ளரோடு வந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போவார். செல்போன் அடுத்த அறையில். எனக்கு உறக்கம் கொடுத்ததில் அந்த அரை மணி நேரத்துக்கு எவ்வளவு பங்கு, பொடிக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கவே முடியாது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதிப்பது இதற்காகத்தான். மனச்சோர்வு சோதனைகளில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே மூன்றில் ஒருவருக்காவது நன்றாகத் தேறுகிறது. பேச ஆள், கவனிப்பு, சரியாகிவிடும் என்ற நம்பிக்கை, காலம், எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பங்கையும் தாண்டிப் பலன் தெரிந்தால்தான் மருந்துக்குப் பெயர். 2018ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, மனச்சோர்வு மாத்திரைகள் பற்றிய பெரிய தொகுப்பு 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மாத்திரைகள். இருபத்தொன்றும் வெற்று மாத்திரையை ஜெயித்தன, பல சிறிய இடைவெளியில்தான். மூலிகைகளுக்கு இந்த அளவு சோதனை நடக்கவில்லை. நம் ஊர் வேர்களுக்கு அப்படியொரு பெரிய சோதனை நடக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

குரோம்பேட்டை அம்மா "எனக்கு அமுக்கிராவே போதுமாக இருந்தது" என்று எழுதியிருக்கிறார். சந்தோஷம் அம்மா. உங்களுக்கு நன்றாகியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

ஜூலை 15

மயிலாப்பூர் ஐயா கோபமாக எழுதியிருக்கிறார், சித்த வைத்தியத்தை மட்டம் தட்டுகிறேன் என்று. அப்படி இல்லை ஐயா. சித்தத்தில் மனநோயைக் கிரிகை என்று பெயரிட்டுப் பதினெட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005லிருந்து இயங்குகிறது. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. அங்கே படித்த மருத்துவர் நாடி பார்க்கிறார், என்ன சாப்பிடுகிறாய், மலம் போகிறதா, தூங்குகிறாயா என்று கேட்கிறார், தேவையானால் ரத்தப் பரிசோதனையும் எழுதுகிறார். திரும்ப வரச் சொல்கிறார். அது வைத்தியம்.

வேளச்சேரித் தம்பிக்கு நடப்பது அதுவா? அவனை யாரும் பார்க்கவில்லை. வீடியோ பார்த்தான், பட்டனை அழுத்தினான், டப்பா வந்தது. அவன் அக்கா அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் "அமைதி", "ஆழ்ந்த உறக்கம்". பின்பக்கம், உள்ளடக்கத்துக்குக் கீழே, "மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல". உணவு சப்ளிமெண்ட் என்று விற்கப்படும் எல்லாவற்றிலும் அதைப் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மருந்தாக விற்றால் மருந்துச் சட்டம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், உணவாக விற்றால் அந்தக் கேள்விகள் இல்லை. வாங்குகிறவனோ மருந்து என்று நினைத்துத்தான் விழுங்குகிறான். ஐயா, உங்கள் கோபம் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

உலோகங்களையும் தாதுக்களையும் புடம்போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் வகையை மட்டும் இணையத்தில் வாங்கவே வாங்காதீர்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருள்களை அமெரிக்காவில் சோதித்து 2008ல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் உடம்பில் ஏறினால் அசதியும் எரிச்சலும் மறதியும் வரும். போக்க வந்ததே அதைத்தானே.

ஜூலை 16

மஞ்சளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: மஞ்சளில் பலன் தருவதாகச் சொல்லப்படும் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதிலும் குடல் உறிஞ்சுவது சொற்பம். மிளகின் பைப்பரினோடு சேர்த்தால் இருபது மடங்கு ஏறுகிறது என்று 1998ல் பெங்களூரில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கலவையைக் கேப்ஸ்யூலில் அடைத்து விற்க ஆரம்பித்த பிறகு கல்லீரல் பாதிப்புகளும் பதிவாகியிருக்கின்றன. ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் யாரும் பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்கு அதை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.

குங்குமப்பூ: டெஹ்ரானில் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் கொடுத்துச் சின்னச் சின்னச் சோதனைகள் செய்தார்கள், லேசானதற்கும் நடுத்தரமானதற்கும் பலன் தெரிந்தது. முப்பது நாற்பது பேர் அளவில் நடந்தவை. சாயம் போட்ட நாரையும் குங்குமப்பூ என்று விற்கிறார்கள் என்பதால் எனக்கு மனசு வரவில்லை.

ஜூலை 19

நடைப்பயிற்சி பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். 2024ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 218 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நடை, ஓட்டம், யோகா, பளு தூக்குதல் எல்லாமே மனச்சோர்வைக் குறைத்தன, கொஞ்சம் வேர்க்கிற மாதிரி செய்தால் கூடுதலாக. சாப்பாட்டை மாற்றியதிலும் ஆஸ்திரேலியாவில் 2017ல் 67 பேர் கொண்ட ஒரு சின்னச் சோதனை: காய்கறி, பயறு, மீன், கொட்டை வகை என்று சாப்பிட்டவர்களில் 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு விலகியது, பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். காசைக் கேப்ஸ்யூலில் போடுவதைவிட மத்தி மீனிலும் கீரையிலும் போடலாம் என்பது என் கட்சி.

ஆனால் படுக்கையை விட்டு எழுந்து பல் தேய்க்கவே முடியாதவனிடம் "எழுந்து நட, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். எனக்குச் சொன்னார்கள். நடக்க முடியாததற்கும் சேர்த்து என்னையே வெறுத்துக்கொண்டேன். கூட வந்து கைபிடித்துத் தெருமுனைவரை போங்கள். அது உதவும்.

ஜூலை 22

தங்கச்சி எழுதிய தனிச்செய்தியைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. "நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்" என்று தம்பி சொன்னானாம். அவர் சம்மதத்தோடுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

இனி சப்ளிமெண்ட் பேச்சு கிடையாது. இன்றைக்கே 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும், தமிழில் பேசுவார்கள், இலவசம். தற்கொலைத் தடுப்புக்கு 1986லிருந்து சென்னையில் இயங்கும் ஸ்நேகாவும் இருக்கிறது. அவனைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பேசுவான்.

டாக்டருக்கு: ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு, காசு கிடையாது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் வெளிநோயாளிப் பிரிவு இருக்கிறது. 1794ல் தொடங்கிய நிறுவனம் அது. "உன்னைக் கீழ்ப்பாக்கத்தில்தான் சேர்க்கணும்" என்று வசவாக்கி வைத்திருக்கிறோமே, அந்த வசவுக்குப் பயந்து எத்தனை வீட்டில் பிள்ளைகளை உள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்! பெயர் கூச்சமாக இருந்தால் பொது மருத்துவமனைக்கே போங்கள்.

ஜூலை 27, ஞாயிறு

செய்தி வந்தது. தம்பி செவ்வாய்க்கிழமை வரச் சம்மதித்துவிட்டான், அக்காவும் கூடப் போகிறார். அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும்.

அவன் டாக்டர் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிட மறுத்தால் காபியில் கலந்து கொடுக்கலாமா? வேண்டாம்மா. தெரிந்துபோனால் பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான். அளவு தெரியாமல் போகும், பக்கவிளைவு வந்தால் ஏன் என்று அவனுக்கே புரியாமல் பயந்துபோவான். மறுத்தால் மறுக்கிறான் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், பேச்சு சிகிச்சையிலிருந்து ஆரம்பிக்கவும் வழி இருக்கிறது.

டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா? சண்டை வேண்டாம். அவன் தன்னைச் சரிசெய்துகொள்ளத்தான் அவற்றை வாங்கினான். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவனையே எடுத்துவரச் சொல்லுங்கள், லேப் ரிப்போர்ட்டோடு. ஒவ்வொன்றையும் எத்தனை நாளாக, எத்தனை வேளை என்று அவனே டாக்டரிடம் சொல்லட்டும். டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் எடுத்து மேஜைமேல் வையுங்கள். அஸ்வகந்தா தூக்கத்தைக் கூட்டும் என்பதால் புது மாத்திரையோடு சேரலாமா என்று கேளுங்கள். மக்னீசியம் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, அதையும் கேட்டுவிடுங்கள். வெளிநோயாளிச் சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள், ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.